செல்வி எழுதிய வாக்கியம்

கம்பம், செவ்வாய்க்கிழமை.

இன்று ஒன்பதாம் வகுப்பில் ‘லுக் ஆன் த பிரைட் சைடு’ என்ற ஆங்கிலத் தொடரை நடத்தினேன். கெட்டதிலும் ஒரு நல்லதைப் பார்ப்பது என்று விளக்கி, சொந்த வாழ்க்கையிலிருந்தே ஒரு வாக்கியம் எழுதச் சொன்னேன். எனக்குப் புத்தி எங்கே போனது? தினமும் விடியுமுன் ஜீப்பேறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய் இருட்டியபின் வந்த செல்வியின் அம்மா, ஜீப் கவிழ்ந்ததிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்.

செல்வி ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: ‘நல்லதைப் பார்த்தால், இப்போது நான் வீடு திரும்பும்போதெல்லாம் அம்மா வீட்டில் இருக்கிறார்.’

“சரியா இருக்கா டீச்சர்?”

ஒரு பிழையும் இல்லை. டிக் போட்டேன்.

நோட்டை வாங்கிக்கொண்டு சிரித்தாள். “அன்னன்னிக்கு எழுதுனதத் தமிழ்ல சொல்லச் சொல்லி அம்மா கேப்பாக டீச்சர்.”

இந்நேரம் சொல்லியிருப்பாள்.