சீட்டு யாருக்கு நேர்?

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு வணக்கம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? சின்னவளின் இருமல் நின்றதா? நான் நலமாகவே இருக்கிறேன்.

எங்கள் விடுதிச் சலவைக்கூடத்துக்கு வந்த போர்வை ஒன்றில் டாரட் சீட்டுக்கட்டு கிடந்தது. மூன்று மாதமாக யாரும் கேட்காததால், வழக்கப்படி, கண்டெடுத்த எனக்கே கொடுத்துவிட்டார்கள். கூடவே இருந்த சிறுபுத்தகத்தைப் படித்துப் பலன் சொல்லக் கற்றுக்கொண்டேன். கேள்வியை நினைத்துக் கலைத்து, ஒரு சீட்டை எடுத்து வைக்க வேண்டும். பலன் சொல்பவருக்கு நேராக இருந்தால் ஒரு பலன், தலைகீழாக இருந்தால் வேறு பலன். சாத்திரம் அவ்வளவுதான், மீதியெல்லாம் முகத்தை வைத்துக்கொள்ளும் விதம்.

நேற்று மேலாளர் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"உங்க ஆறு பேர்ல ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க. யாருன்னு முடிவு பண்ணிட்டேன். அனுப்பலாமான்னு பாரு."

யாரென்று சொல்லவில்லை. மற்ற ஐந்து பேரும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

குதிரைமேல் எலும்புக்கூடு வரைந்த சீட்டு வந்தது, எனக்கு நேராக. தயங்காமல் முடித்துவிடு என்று பலன். தலைகீழாக இருந்தால்தான் பொறு என்று பொருள்.

"கேக்குறவங்க பக்கத்துலேர்ந்து பாக்கணும் சார். உங்களுக்குத் தலைகீழா இருக்கு. பொறுக்கச் சொல்லுது," என்றேன்.

அவர் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டின்மேல் வைத்தார்.

"சரி, ஆறு மாசம் போகட்டும்," என்று எழுந்தார். "தப்பிச்சே, போ."

பயப்படாதீர்கள், வேலை இருக்கிறது. உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மனைவி