ரதி நிற்க வேண்டிய வாசல்

பெப்ரவரி 21, காலை 6.40. துடைக்க வேண்டிய மைக் நான்கு. மூன்று முடிந்தன. நான்காவதின் வலையைக் கழற்றினால் உள்ளே ரோஸ் பவுடர், மச்சான். போன மாசியில், காமன் கூத்தில், எரிந்துபோன புருஷனுக்காக ரதி வேஷத்தில் நீ அழுதபோது அப்பியது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சு கையில் காய்ந்துவிட்டது. துடைக்கவில்லை.

ஹட்டனில் ஒலி, ஒளி வேலை படித்தவன் நான். எதையும் அளந்தால்தான் எனக்கு நம்பிக்கை. உன்னையும் அளந்தேன். கொழும்புக் கலைவிழா ஒன்றுக்கு உன் பெயரை எழுதிப் போட்டேன், கூப்பிட்டார்கள். மேடையில் பன்னிரண்டு நிமிடம்தான் தருவார்களாம். உன் நாற்பது நிமிட ஒப்பாரியில் பாதிக்கு மேல் கோடு அடித்து, தாளை நீட்டினேன். நம் கூத்தும் அதே நாளில் விழுந்தது.

“நான் வரல மச்சான்.”

“பைத்தியமாடா? கொழும்பு மேடை ஏறுனாத்தான் ஆர்ட்டிஸ்ட். லயத்துல வீடு வீடா அழுது என்னத்தக் கிழிச்ச?”

“மேடையில லைட்டு கண்ணுல அடிக்கும். இங்க ஆளு மூஞ்சி தெரியுது. கீழ் லயத்துல மூணு சாவு விழுந்துருக்கு. காத்துக்கிட்டு இருப்பாங்க.”

“அப்ப கொழுந்து மூட்டையத் தூக்கிக்கிட்டே கெட.”

“தூக்குறேன். நீ வயரத் தூக்கு.”

காமன் எரிந்த மறுநாள் காலை, அந்த வருடம் சாவு விழுந்த வீடுகளின் வாசலில் ரதி போய் நின்று அழ வேண்டும் என்பது நம் தேயிலைத் தோட்டத்து வழக்கம். மைக் கிடையாது. கோபத்தோடுதான் உன் பின்னால் வந்தேன். மூன்றாவது வீட்டில், மகள் செத்த நாளிலிருந்து வாய் திறக்காத கங்காணி கதவைப் பிடித்தபடி நின்றார். நீ அவர் முகத்தைப் பார்த்து ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினாய். நான் கோடு அடித்த அடி. அந்த மனுஷர் வாய்விட்டு அழுதார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

கார்த்திகை மழையில் மேட்டு மண் சரிந்து நீ போனாய்.

அடுத்த வாரம் கூத்து. ரதிக்கு ஆள் இல்லை. உன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறேன், வாசலில் ஸ்பீக்கர் வைத்துவிடலாம் என்று கோயில் கமிட்டியில் சொன்னதும் நான்தான். உன் அம்மாவிடம் கேட்கப் போனேன்.

“பொட்டிக்குள்ள இருந்து அவன் கொரலா? வேணாந் தம்பி. எல்லார் வாசல்லயும் அவன் வந்து நின்னான்ல? என் வாசலுக்கும் ஒரு ஆளு வந்து நிக்கட்டும். பாட்டு நல்லா இல்லாட்டியும் பரவால்ல.”

திரும்பும் வழியில் கங்காணி மறித்தார். “இந்த வருஷம் ரதி வருமா?” எந்த மேடைக்காரனை இப்படி வழியில் நின்று விசாரிப்பார்கள்? நீ ஜெயித்தவன்டா. உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. ரதி நான்தான் என்று கமிட்டியில் சொல்வது.
2. இன்றிலிருந்து விரதம். சிகரெட் இல்லை.
3. மீசையை எடுப்பது. சிரித்துக்கொள்.
4. நாற்பது நிமிடத்தையும் மனப்பாடம் செய்வது.
5. கடைசியாக உன் வீட்டு வாசல். தரையைப் பார்த்துப் பாடக்கூடாது. உன் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்.