பதினோரு சீட்டும் குழாய்ச் சாவியும்

செகந்திராபாத், ரயில்வே காலனி
7-9-1936

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல வேதா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. நீ சென்னையில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்கச் சொன்னாள்.

உன் கடிதத்தைப் பிரித்ததும் நான் கவனித்தது, ராஜா என்று வந்த இடத்திலெல்லாம் நீ அடிக்கோடு போட்டிருந்ததைத்தான். நான் உரக்கப் படிக்கத் தொடங்கியதும் நிஜாம் ராஜ்யமாயிற்றே என்று அம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ப்ளாரென்ஸ் என்ற ஊரில் ராஜா கிடையாது, கடைக்காரர்களும் தொழில்காரர்களும் பையில் பெயர்ச்சீட்டுப் போட்டு எடுத்து, வந்தவர்கள் இரண்டே மாதம் ஊரை ஆண்டார்கள், அதற்குமேல் விட்டால் அவர்களே ராஜா ஆகிவிடுவார்கள் என்று பயம், என்று நீ எழுதியிருந்ததை உறை மோர் கேட்க வந்த பக்கத்து வீட்டு நாகம்மாக்காவும் கேட்டுவிட்டார். இதுல என்னடி அதிசயம், நம்ம மாசச் சீட்டுப் பணம் மாதிரிதானே, ஒருதரம் எடுத்தவ பேரை மறுபடி போடுவோமா என்றார். அங்கிருந்துதான் பேச்சு காலனிப் பொதுக்குழாய்க்குப் போனது. சாவி பதினொரு வருஷமாகக் கமலம் அத்தையின் இடுப்பில் இருப்பதும், அவர் தன் குடங்களை நிரப்பி முடிப்பதற்குள் கடைசி மூன்று வீட்டுக்குத் தண்ணீர் நின்றுவிடுவதும் உனக்குத் தெரியும். அந்தப் பையில பொம்பளைங்க பேரு இருந்துச்சா என்று அப்பா கேட்டார். இல்லை என்று நீ எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமை சீட்டுக்குக் கூடும் எல்லாருக்கும் இதைப் படிக்கும்போது அந்த வரியை விட்டுவிடு என்றாள் அம்மா. விட்டுவிட்டேன்.

அன்றைக்கே குழாய்ச் சாவிக்கும் பெயர்ச்சீட்டுப் போட்டோம். பன்னிரண்டு வீட்டில் கமலம் அத்தை ஏற்கெனவே எடுத்தவர் என்பதால் பதினோரு சீட்டுத்தான். சாவி ஆளுக்கு இரண்டு மாதம், தினமும் முதல் சுற்றில் வீட்டுக்கு இரண்டு குடம். அத்தை விரல் விட்டு எண்ணி, இருபத்திரண்டு மாசமா, நக்கோ நக்கோ, வேண்டவே வேண்டாம், அந்த ஊர்ல குழாய் இருந்துச்சா என்றார். பதினொரு வருஷம் திறந்து மூடுன கை, வலிக்காதா, ரெஸ்ட் எடுங்க அத்தை என்றார் நாகம்மாக்கா. முதல் சீட்டு நம் வீட்டுக்கு விழுந்தது. அம்மாவால் நிற்க முடியாது, ஆகவே நான். எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டுமே என்று பயந்தே ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், உனக்குத் தெரியும்.

பரீட்சையில் அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் எழுது, கேட்காவிட்டால் வெளியே பேசாதே என்கிறாள் அம்மா. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. தீபாவளிக்கு வரும் தேதியை உடனே எழுது, அப்பா உன் ரயில் பாஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நீ நோய் நொடி இல்லாமல், நாலு பேருக்கு வேண்டியவனாக இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா பாமா

தாளில் இடம் இருப்பதால் இன்று காலை நடந்ததை நானே எழுதுகிறேன். ஐந்தரை மணிக்குக் குழாயைத் திறந்தேன். கமலம் அத்தை முதல் ஆளாக நான்கு குடத்தோடு வந்தார். இரண்டு நிறைந்தன. மூன்றாவதை நகர்த்தி வைத்தார். பின்னால் பத்து வீட்டுக்காரர்கள் நின்றார்கள். நாகம்மாக்கா தன் குடத்துக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். என்னடி வேதா, ராஜா இல்லாத ஊருக்கு நீதான் ராணியா என்று அத்தை கேட்டார். குழாயை மூடினேன். அவர் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அடுத்த வீட்டுக் குடத்தை வைத்துத் திறந்தேன்.