குறட்டை நின்ற மதியம்

என்னங்க,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் கேளுங்கள். நம் செல்விக்கு நேற்று மூக்கில் ஆபரேஷன் ஆயிற்று. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறாள் இப்போது. உங்களுக்கு வளைந்திருந்த அதே மூக்குத் தண்டு, அதே பக்கம். ஆஸ்பத்திரிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குச் செய்தபோது இரண்டு மூக்கிலும் துணித்திரியை அடைத்து வைத்திருந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதை உருவும்போது என் கையை நசுக்கிவிட்டீர்கள். "எம்புட்டு நீளம்டி, பசுமலை வரைக்கும் போகும்போல" என்று அப்புறம் சிரித்தீர்கள். செல்விக்கு எதுவுமே அடைக்கவில்லை. எனக்கு அதுதான் பயம். அடைக்காவிட்டால் ரத்தம் எப்படி நிற்கும்?

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "மெத்தையில பஞ்சு வெலகாம இருக்கக் குறுக்க தையல் போடுவாங்கல்லம்மா, அதே மாதிரி தண்டோட ரெண்டு பக்கச் சவ்வையும் சேத்துத் தச்சிருக்கேன். நடுவுல ரத்தம் தேங்காது. நூல் தானாக் கரைஞ்சிரும்" என்றார். மீறித் தேங்கினால்? "ரெண்டு பக்கமும் அடச்சு வீங்கும், வலி கூடும். ஒடனே சொல்லுங்க." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் எங்கே போவது? காலையிலிருந்து இவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மதியம் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினாள். குறட்டை இல்லை. வாயும் மூடியிருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்தே உங்களைப்போல வாயைத் திறந்து, குறட்டை விட்டுத்தானே தூங்குவாள். எனக்கு உயிரே போய்விட்டது. உங்கள் குறட்டை நின்ற அந்தக் காலையும் இப்படித்தான் அமைதியாக இருந்தது. இன்றைக்காவது நன்றாகத் தூங்குகிறீர்களே என்று நினைத்துக் காப்பி போடப் போனேன். நெஞ்சு நின்றுபோனது எனக்கு எப்படித் தெரியும்?

பிள்ளையைப் பிடித்து உலுக்கிவிட்டேன்.

"ஏம்மா, இம்புட்டு நாளைக்கப்புறம் இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன். பொறுக்கலையா ஒனக்கு?"

"ஒண்ணுமில்லத்தா. தூங்கு."

அவள் கண்ணை மூடியதும் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மெல்லியதாக, சூடாக மூச்சு வந்தது. வாய் மூடியே இருந்தது. அப்புறம்தான் அழுதேன்.

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கேயும் இவள் சத்தமில்லாமல்தான் தூங்குவாள். ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி இவளை எழுப்ப மாட்டேன். தினமும் காலையில் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காப்பி போடப் போவேன்.

இப்படிக்கு,
நீங்கள் போன பிறகும் உங்களிடமே பயத்தைச் சொல்லும்
உங்கள் பொண்டாட்டி