கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவில்

ஜன. 5, திங்கள்

ஒன்பது மணி வரை பனி. எதிர்ச்சாரிப் பழக்கடைகூடத் தெரியவில்லை. பார்லரைத் திறந்ததும் முதல் போன். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், சரோஜா என்று ஓர் அம்மா. மகள் அபிநயாவுக்குத் தை கடைசியில் கல்யாணம். அதற்கு முன்னால் 25ஆம் தேதி வயல்வெளியில் போட்டோ ஷூட். மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வருகிறார்.

"பொண்ணு நல்ல சிவப்புங்க. வெள்ளைத் தோலுக்கு ஏத்த பவுண்டேஷன் வச்சிருக்கீங்களா? போட்டோல டல்லா தெரியக் கூடாது."

"பொண்ண நேர்ல பாத்துட்டுச் சொல்றேம்மா."

"பாக்க என்னங்க இருக்கு? அதான் சிவப்புன்னு சொல்றேனே."

மூன்று முறை சொன்னார். நிஜமாகவே சிவப்பான பெண்ணின் அம்மா ஒரு முறைகூடச் சொல்வதில்லை. பதினாலு வருஷத்தில் நான் பார்த்தது அப்படித்தான்.

பெட்டியில் வெளிர் நிறத்துக்கு இருப்பவை:
– ரோஸ் சாயல், பாதி பாட்டில். வெயில் தடுப்பு சேர்ந்தது. பிளாஷ் பட்டால் முகம் சாம்பல் பூசினமாதிரி வரும். ஷூட்டுக்கு ஆகாது.
– மஞ்சள் சாயல், புதுசு. போன மாதம் கும்பகோணத்தில் வாங்கியது. அட்டையில் எழுத்து கொஞ்சம் மங்கல். டூப்ளிகேட்டோ?
– ஸ்டிக் ஒன்று. காய்ந்துபோச்சு. குப்பைக்கு.

குவைத்தில் நல்ல குளிராம். வீட்டுக்காரர் போனில் தும்மிக்கொண்டே பேசினார்.

ஜன. 7, புதன்

டிரையல். அபிநயா தனியாக பஸ்ஸில் வந்தாள். இருபத்தைந்து வயது. வேளாண்மை ஆபீஸில் வேலை, பாதி நாள் வயலில்தான். அவள் அப்பா ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நட்டவர், இன்று சொந்தமாக இரண்டு ஏக்கர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பிடித்துப்போனது.

முகம் வெள்ளை, அம்மா சொன்னது சரிதான். ஆனால் வெள்ளை தாடையோடு நிற்கிறது. கழுத்து மாநிறம். வெயிலில் சுற்றுகிற பெண்ணுக்கு முகம்தானே முதலில் கறுக்கும்?

தாடை ஓரத்தில் இரண்டு கோடு இழுத்து, ஜன்னலோரம் பத்து நிமிஷம் உட்கார வைத்தேன். போட்ட உடனே தெரியும் நிறத்தை நம்ப மாட்டேன், காற்றுப் பட்டதும் ஒரு படி கறுக்கும். போட்டோகிராபர் செந்தில் பிளாஷ் போட்டு எடுத்தார். ரோஸ், எதிர்பார்த்தபடி சாம்பல். மஞ்சள் பரவாயில்லை. அதையே முகம் முழுக்கப் போட ஆரம்பித்தேன்.

"அக்கா, எரியுது."

கன்னம் சிவந்துவிட்டது. உடனே துடைத்தேன். பஞ்சு பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாக. மூக்கோரத்தில் மெல்லிய நரம்பு நூல்போலத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் மும்தாஜ் மச்சி டீயோடு வந்தார். பார்லரில் மருதாணியும் புருவமும் அவர் பொறுப்பு. அபிநயா அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "யாரு பரீதா, புதுப் பொண்ணா?" என்று கேட்டார் மச்சி. பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இருவருக்கும் பழக்கம் உண்டு. ஏன் மறைக்க வேண்டும்?

ஜன. 8, வியாழன்

ராத்திரியெல்லாம் அந்த பாட்டில் ஞாபகம்தான். காலையில் கும்பகோணம் பஸ். கடைக்காரரிடம் பாட்டிலை நீட்டினேன்.

"இது ஒரிஜினல்தானா?"

"என்னக்கா நீங்க, எத்தனை வருஷமா வர்றீங்க! இங்க பாருங்க, அதே லாட்டு. நேத்துகூட மூணு பேரு வாங்கிட்டுப் போனாங்க, ஒருத்தரும் ஒன்னும் சொல்லல."

கோபப்பட்டார். கோபப்படுகிறவர் எல்லாரும் யோக்கியரில்லை. அதனால் அங்கேயே என் கன்னத்திலும், கடையில் நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டு அவள் கையிலும் தடவினேன். திரும்பி வரும் வழி முழுக்க கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட்டுப் பாட்டி: "கல்யாணமா?"

ஒன்றுமில்லை. எரிச்சலும் இல்லை, சிவக்கவும் இல்லை. பாட்டில் நல்ல பாட்டில்தான். அப்படியானால் கோளாறு தோலில்.

வெற்றிலை வாங்க மறந்தேன். வீட்டில் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஜன. 10, சனி

வானம் மூடாக்கு. கரண்டு இரண்டு முறை போனது.

அபிநயாவுக்கு போன் போட்டேன். "முகத்துக்கு என்ன போடறே?"

"ஒன்னுமில்லக்கா. கடலை மாவுதான்."

கடலை மாவு தாடையோடு நிற்காது. அவளுடைய ஒரு வருஷத்துக்கு முந்தைய படங்களைச் செந்தில் தேடி அனுப்பினார், ஆபீஸ் விழாவில் யாரோ எடுத்தவை. முகமும் கழுத்தும் ஒரே நிறம். பளபளவென்று நல்ல மாநிறம். லட்சணமான பெண். அந்த முகத்துக்கு நான் இரண்டே நிமிஷத்தில் ஷேட் எடுத்துவிடுவேன்.

மாலை. உள்ளே தலைக்குச் சாயம் கலக்கிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு குரல்:

"மும்தாஜக்கா, அந்த டப்பா வந்துச்சா?"

"ஷ்ஷ். அடுத்த வாரம் வா."

சாயம் கையெல்லாம் ஆகிவிட்டது.

ஜன. 11, ஞாயிறு

சீக்கிரமே போய்ப் பார்லரைத் திறந்தேன். மச்சியின் அலமாரியைத் திறப்பது சரியில்லை என்று தெரியும். திறந்தேன். மருதாணிக் கோன்களுக்குப் பின்னால் துணியில் சுற்றி ஐந்து டப்பா. வெள்ளை மூடி. பெயர் இல்லை. எதில் செய்தது, யார் செய்தது, எதுவரை நல்லது, ஒரு எழுத்தும் இல்லை.

பத்து மணிக்கு அவர் வந்தார். டப்பாக்களை மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தேன்.

"எங்கேருந்து மச்சி இது?"

"துபாய் கிரீம். தெரிஞ்சவங்க கொண்டாந்து தர்றாங்க."

"துபாய்ல டப்பாவுக்குப் பேரு போட மாட்டாங்களா?"

"எல்லாருக்கும் வெளுக்குது. ரெண்டே வாரம். நானா போயி பூசிவிட்டேன்? கேக்கறாங்க, தர்றேன்."

"அந்தப் புள்ள முகத்தப் பாத்தீங்களா? தோலு உரியுது. நரம்பு தெரியுது."

"வெயில்ல போயிருப்பா."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ மட்டும் என்ன பண்றே பரீதா? ரெண்டு ஷேடு கூட்டிப் போட்டு வெள்ளையாக்கித்தானே மேடைக்கு அனுப்பறே. உன்னோடது கழுவினா போயிடும், என்னோடது போகாது. அவ்வளவுதான் வித்தியாசம்."

டப்பாக்களை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். நாள் முழுக்க வந்தவர்களிடம் மட்டும் பேசினோம்.

ஜன. 12, திங்கள்

அபிநயாவின் ஆபீஸ் வாசலில் மதியம் வரை காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் துப்பட்டாவை முகத்துக்கு இழுத்தாள். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினேன்.

"இதுதானே?"

தலையாட்டினாள். நாலு மாதமாகப் போடுகிறாளாம். பெண் பார்க்கக் கேட்டபோது அம்மா அனுப்பிய படத்தில் முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்களாம். அதைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டில் சரி சொன்னது.

"படத்துல இருக்கற மாதிரி ஆகணும்ல அக்கா. அவங்க வர்றதுக்குள்ள."

"வீடியோ கால்ல பேசலையா?"

"அதுலயும் பில்டர்தான். நிறுத்தினா முன்னவிடக் கறுத்துடும்னு சொல்றாங்க. பயமா இருக்கு."

யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. தெரிந்ததுதான்.

கையோடு மன்னார்குடிக்கு, தோல் டாக்டரிடம். வயசானவர். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். இதுமாதிரி நிறையப் பார்த்திருக்கிறாராம். பாதரசம் இருக்கலாம், ஸ்டீராய்டு இருக்கலாம், பரிசோதிக்காமல் சொல்ல முடியாதாம். சிறுநீர், ரத்தம் டெஸ்ட் எழுதினார். "இன்னையோட நிறுத்திடும்மா. மொதல்ல கொஞ்சம் சிவக்கும், எரியும். பயப்படாம வந்து காட்டு." மேக்கப்? நான் கேட்டேன். "ரெண்டு வாரம் தொடாதீங்க. அப்புறம் பாக்கலாம்."

வெளியே வந்து அரை மணி அழுதாள். நான் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். பாதியைக் கீழே கொட்டிவிட்டாள்.

ஜன. 17, சனி

பொங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒருவரும் பேசவில்லை. இன்று சரோஜாம்மா.

"அழகாக்கறதா சொல்லிட்டு கெடுத்துட்டீங்களே! புள்ள முகம் தக்காளியாட்டம் கெடக்கு. உங்களுக்கு என்னங்க அவ்ளோ வயித்தெரிச்சல்?"

"டெஸ்ட் ரிசல்ட்டு என்னம்மா வந்துச்சு?"

குரல் இறங்கியது: "பாதரசம் கொஞ்சம் இருக்காம். ரொம்ப இல்லையாம். கிட்னி நல்லாருக்காம். நல்லவேளை நிறுத்தினீங்கன்னு டாக்டரு சொன்னாரு."

போனை வைத்துவிட்டார். நன்றி சொன்னாரா திட்டினாரா என்று இன்னும் தெரியவில்லை.

ரிசல்ட்டை மச்சியிடம் சொன்னேன். மருதாணி பிழிந்துகொண்டிருந்தார். கோடு கோணியது. "பாதரசமா? தெர்மாமீட்டர்ல இருக்கறதா?" என்று மட்டும் கேட்டார். நிஜமாகவே தெரியாதா, நடிக்கிறாரா? பார்த்துக்கொண்டே இருந்தேன். முகம் வெளிறியிருந்தது.

ஜன. 25, ஞாயிறு

ஷூட். விடியற்காலையே கிளம்பினோம். பேசிவைத்த வயலில் நேற்றே அறுவடை மிஷின் இறங்கிவிட்டது, அறுத்த அடித்தாள்தான் மிச்சம். செந்தில் வாய்க்கால் தாண்டி வேறு வயல் பிடித்தார். கதிர் தலை சாய்ந்து பொன்னாக நின்றது.

அபிநயாவின் முகம் தேறியிருக்கிறது. எரிச்சல் இல்லை. கன்னத்தில் இன்னும் லேசான சிவப்பு. டாக்டர் மெல்லிசாகப் போடலாம் என்றிருக்கிறார். பெட்டியைத் திறந்ததும் சரோஜாம்மா மஞ்சள் சாயல் பாட்டிலைக் கையில் எடுத்தார்.

"இதப் போடுங்க. வெள்ளையா."

நான் அபிநயாவைப் பார்த்தேன். அவள் அந்த பாட்டிலை அம்மா கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள். "கழுத்துக்கு எது சேருதோ அதப் போடுங்கக்கா."

இரண்டு ஷேட் கலந்தேன். நெஞ்செலும்புப் பக்கம் தடவிப் பார்த்து, பத்து நிமிஷம் பொறுத்து, செந்திலை பிளாஷ் அடிக்கச் சொன்னேன். முகம், கழுத்து, காது, எல்லாம் ஒரே பெண்ணுடையது.

ஏழரைக்கு மாப்பிள்ளை வினோத் வந்தார், கூடவே அவருடைய அக்கா. அக்கா காரிலிருந்து இறங்கும்போதே மேலும் கீழும் பார்த்தார். வினோத் சிரித்தபடி வந்து, கிட்டே வந்ததும் நின்றார்.

"போட்டோல வேற மாதிரி இருந்துச்சே."

சரோஜாம்மா என் கையைப் பிடித்தார். வலித்தது.

"அதுல கலர் ஏத்தி அனுப்பிச்சோம். இதுதாங்க என் நெறம்" என்றாள் அபிநயா. "இந்த நெறத்த மாத்தறேன்னு கண்ட கிரீமையும் போட்டு ஒடம்ப கெடுத்துக்கிட்டேன். இனிமே மாட்டேன். வேணாம்னா இங்கயே சொல்லிடுங்க, பரவால்ல."

"கொஞ்சம் நடக்கலாமா?" என்றார் வினோத். இருவரும் வரப்பில் போனார்கள், முன்னால் அவள், பின்னால் அவர். இருபது நிமிஷம். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அக்கா காருக்குள் போய் யாருக்கோ போன் பேசினார். சரோஜாம்மா வாய்க்காலோரம் உட்கார்ந்துவிட்டார். பனி விலகி, நல்ல வெளிச்சம் வீணாகிறது என்று செந்தில் முணுமுணுத்தார்.

திரும்பி வந்தார்கள். வினோத் செருப்பெல்லாம் சேறு. "எடுங்கண்ணே" என்றார்.

நூற்றைம்பது படம். ஒன்றில்கூட முகம் சாம்பலில்லை. அவர் அவளைப் பார்க்கிற பார்வை நம்பும்படியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த அக்காவின் போன்?

ஜன. 27, செவ்வாய்

வெயில். துவைத்த டவல் எல்லாம் காய்ந்தது.

சந்தேகப்பட்டது சரி. மாப்பிள்ளையின் அம்மா தஞ்சாவூரில் வேறு பியூட்டிஷியனுக்குச் சொல்லியிருக்கிறாராம், "மேடைல பொண்ணு பளிச்சுன்னு இருக்கணும்." அபிநயா மத்தியானம் போன் செய்து சொன்னாள். "பரீதா அக்கா இல்லன்னா மூஞ்சியக் கழுவிட்டு அப்படியே ஏறுவேன்னு சொல்லிட்டேன்." வினோத் என்ன சொன்னார்? "அவர் எங்க பக்கந்தான். இதுவரைக்கும்." அந்த 'இதுவரைக்கும்' எனக்குப் பிடித்தது. கண்ணைத் திறந்து வைத்திருக்கிற பெண்.

நாலு மணிக்கு மச்சி தானாக வந்து எதிரில் உட்கார்ந்தார். மருதாணி ஆர்டர் எழுதும் நோட்டு. பின் அட்டையில் ஒன்பது பெயர், போன் நம்பரோடு. டப்பா வாங்கியவர்கள்.

"நீயே சொல்லிடு பரீதா. எனக்கு வாய் வரல."

முதல் பெண் எடுக்கவில்லை. இரண்டாவது பெண் கடைசிவரை கேட்டுவிட்டு, "எனக்கு ஒன்னும் ஆகலையேக்கா. இன்னொரு டப்பா கெடைக்குமா?" என்றாள். மூன்றாவது பெண்: "நீங்க வேற கிரீம் விக்கப் போறீங்களா? அதான் இதக் குத்தம் சொல்றீங்களா?"

கும்பகோணம் கடைக்காரரிடம் நான் கேட்டமாதிரி, பிறரைச் சந்தேகப்பட்டு நான் கேட்கிற கேள்விதான் அது.

மச்சி கை நீட்டி போனை வாங்கிக்கொண்டார்.

"நான் மும்தாஜ் பேசறேன். குடுத்தது நான்தான். அதுல வெஷம் இருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சு. இன்னைக்கே நிறுத்திடு. நாளைக்குக் காலைல வா, டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

வைத்துவிட்டு, நோட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அடுத்த நம்பரை அவரே அழுத்தினார்.