கால்வாய்க்குள் விழுந்த ஞானஸ்நானச் சண்டை

கோலா சிலாங்கூர்
18.11.1984

கர்த்தருக்குள் பிரியமான மகள் நவமணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே அம்மாவும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு நன்றாக இருக்கிறோம். நீயும் அந்த இங்கிலாந்துக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறோம். உன் கடிதம் கிடைத்தது. வேறு யாராவது உனக்கு எழுதிவிடுவதற்குள் என் கூத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

எஸ்டேட் ஆயாக்கொட்டகையில் உன்னைத் தொட்டிலாட்டி வளர்த்த அன்னம்மா இப்போது தஞ்சோங் காராங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். வயிற்றில் கட்டி, கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றது நம் லுத்தரன் சபையில், சில வருஷமாகப் போவது லோரி ஓட்டும் வாசு இருக்கும் பெந்தெகொஸ்தே சபைக்கு. நான் போய் ஜெபித்து, வாசுவைப் பற்றி இரண்டு வார்த்தை எச்சரித்துவிட்டு வந்தேன். மறுநாள் அவன் போய் ஜெபித்து, என்னைப் பற்றி எச்சரித்துவிட்டு வந்தான். கடைசியில் அன்னம்மா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்: "ரெண்டு பேரும் சேந்து வாங்க, இல்லாட்டி வரவே வேணாம் லா. பயந்து கெடக்கறவளுக்கு உங்க பஞ்சாயத்து எதுக்கு?"

சேர்ந்துதான் போனோம், வாசுவின் மோட்டார் சைக்கிளில். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். சபை மூப்பன் என்ற கனம் விடுமா? பின்னால் உட்கார்ந்து, ஞானஸ்நானத்துக்குக் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளித்தாலே போதும், உங்களைப்போல் ஆளை அமுக்கி எடுக்க வேண்டியதில்லை என்று அவன் காதில் கத்தினேன். பேச்சு சூடு பிடித்து அவன் தோளைத் தட்டினேன், அவன் பதில் சொல்லத் திரும்பினான், வண்டி வயல் கால்வாய்க்குள் போய்விட்டது. முழுக்கு வேண்டாம் என்றவன் உச்சந்தலை வரை முழுகினேன் அம்மா. எனக்கு நீச்சல் தெரியாதே, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். வாசுதான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான். அவன் முழங்கையில் ரத்தம் வழிந்தது, அவனோ என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். மூச்சு வந்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "இது கணக்குல சேராது." அவன், "போதகரும் இல்ல, ஜெபமும் இல்ல, எப்படிண்ணே சேரும்? எங்க பாஸ்டரும் இதைத்தான் சொல்லுவாரு" என்றான். இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் உபதேசம் அது.

சேறும் பாசியுமாக வாசலில் நின்ற எங்களைப் பார்த்து அன்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, அப்படியே அழுதுவிட்டார். என் ஜெபப் புத்தகம் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. "ஆண்டவரே, இவங்களுக்குப் பயமா இருக்கு" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. மீதியை வாசு ஜெபித்தான், வழக்கம்போல் தெரு முழுக்கக் கேட்கும்படி. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் நடுவில் என் கையைப் பிடித்தான், நான் விடவில்லை. ஆப்பரேஷன் நல்லபடி முடிந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், அன்னம்மா கஞ்சி குடிக்கிறார்.

உங்கள் ஊரில் லுத்தரன் கோயில் இல்லை, கூட வேலை செய்யும் பிள்ளைகள் பாப்டிஸ்ட் சபைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறாய். போ. அவர்களோடு பாடு, ஜெபி, வியாதிப்பட்டவர்களைப் போய்ப் பார். குழந்தையில் எடுத்தது செல்லாது, மறுபடி ஞானஸ்நானம் எடு என்று சொன்னால், எடுத்தது போதும் என்று மரியாதையாகச் சொல். அதை விட்டுக்கொடுக்காதே, அதற்காக அவர்களையும் விட்டுவிடாதே. அப்பா இவ்வளவு ஞானமாக எழுதுகிறாரே என்று மலைக்காதே, இந்த இடம் மட்டும் உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே இறங்காதே. அன்னம்மாவுக்கு இரண்டு வரி எழுது. வாசுவுக்கும் எழுது, அப்பாவைக் காப்பாற்றியதற்கு நன்றி என்று. நான் இன்னும் சொல்லவில்லை. மூப்பன் இல்லையா.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
ஆசீர்வாதம்