எட்டா, ஐம்பதா?

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆசிரியர் பணிக்கான தேர்வு முடிந்து வெளியே வந்ததும் ஒரு கணக்கைப் பற்றிப் பேச்சு வந்தது. நாற்பது சதவீதம் இரும்புள்ள தாதுக்கல். இருபது கிலோ தூய இரும்புக்கு எவ்வளவு கல் வேண்டும்? நான் ஐம்பது என்று குறித்திருந்தேன். உடன் எழுதிய மூவரும் எட்டு என்றார்கள்.

தேர்வு மையம் இருந்த வேங்கிக்காலிலிருந்து வண்டியில் திரும்பும்போது அந்தக் கணக்கையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா ஆச்சு?" என்றார் வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரர்.

"எட்டு கிலோ கல்லுல இருபது கிலோ இரும்பு வரும்னு..." சொல்லும்போதே நிறுத்திவிட்டேன். "ஏங்க, கல்லை விட இரும்பு ஜாஸ்தியாவா வரும்?" என்று கத்தி இவர் முதுகில் அடித்தேன்.

"வராது. அடிக்காத, வண்டி ஆடுது!"

பஸ் ஸ்டாண்டு அருகே இறங்கி வயிறு நிறைய பரோட்டா சாப்பிட்டோம். காலையிலிருந்து அப்போதுதான் பசித்தது.

மின்சாரம் பற்றி வந்த இன்னொரு கேள்விக்கு நான் குறித்த விடை மட்டும் சரியா என்று... வேண்டாம். தூங்குகிறேன்.